இதயச் செயலிழப்பு: வார்டிலிருந்து வத்தல்மலை வரை

இதயச் செயலிழப்பால் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயாளி, பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தேறிவிடுகிறார். கால் வீக்கம் வடிகிறது; படுத்து உறங்க முடிகிறது; தாமே நடந்து வார்டை விட்டு வெளியேறுகிறார். நோய் குணமாகிவிட்டது என்று குடும்பத்தினர் நிம்மதி அடைகின்றனர். உண்மையில் இந்நோயின் சிகிச்சையில் மிக முக்கியமான காலம் அன்றுதான் தொடங்குகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் உருவாக்கப்பட்ட தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேடு, நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 10,851 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களுள் 14.2 விழுக்காட்டினர் 90 நாட்களுக்குள் உயிரிழந்தனர். அதாவது, ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர். வார்டிலேயே நிகழ்ந்த மரணங்களும் இதில் அடங்கும். நோயாளிகளின் சராசரி வயது 60. இது மேலை நாட்டு நோயாளிகளின் சராசரி வயதைவிட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் குறைவு. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 1,205 நோயாளிகளைப் பற்றிய மற்றொரு பதிவேட்டின்படி, ஐந்து ஆண்டுகளின் முடிவில் அவர்களுள் 59 விழுக்காட்டினர் உயிருடன் இல்லை.

தருமபுரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதாரப் பணியில் உள்ள மருத்துவ அலுவலர் என்ற முறையில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் இதயச் செயலிழப்புச் சிறப்பு மருத்துவருடன் சில நாட்கள் வார்டு ரவுண்ட்ஸில் உடனிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கு கற்றவற்றை, வத்தல்மலை போன்ற ஒரு மலைப்பகுதியில் வாழும் மக்களின் நிலையோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

இதயச் செயலிழப்பு என்றால் என்ன?

'செயலிழப்பு' என்னும் சொல் மக்களை அச்சுறுத்துகிறது. இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. உடலின் தேவைக்கு ஏற்ற அளவு இரத்தத்தை இதயத்தால் செலுத்த முடியவில்லை, அல்லது மிகுந்த அழுத்தத்துடன்தான் செலுத்த முடிகிறது என்பதே பொருள். இதன் விளைவாக நுரையீரலிலும் கால்களிலும் வயிற்றிலும் நீர் தேங்குகிறது.

மூன்று நிலைகளை மக்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கின்றனர். இதயத்திற்கு இரத்தம் தரும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. இதயத் துடிப்பு திடீரென நின்றுபோவது இதய நிறுத்தம். இதயம் நாளடைவில் வலுவிழந்து அல்லது விறைத்துப்போய், பணியைச் சரிவரச் செய்ய இயலாத நிலையே இதயச் செயலிழப்பு. முதலாவது, மூன்றாவதற்குக் காரணமாகலாம். மூன்றாவது, இரண்டாவதற்கு இட்டுச் செல்லலாம். ஆயினும் மூன்றும் வெவ்வேறானவை, சிகிச்சையும் வெவ்வேறானது.

எக்கோ பரிசோதனையில் இதயத்தின் உந்து திறன் அளவிடப்படுகிறது. இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் எத்தனை விழுக்காடு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றப்படுகிறது என்பதே அந்த அளவு. நலமான இதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. ஆகவே, "உங்கள் இதயம் 30 விழுக்காடுதான் வேலை செய்கிறது" என்று சொல்லப்படுவதை, 70 விழுக்காடு அழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 50 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் உந்து திறன் பேணப்பட்டதாகவும், 40 விழுக்காடும் அதற்குக் கீழும் இருந்தால் குறைந்துவிட்டதாகவும் கருதப்படுகிறது. உந்து திறன் பேணப்பட்ட நிலையிலும் இதயச் செயலிழப்பு ஏற்படலாம். முதியவர்களிடமும், நீண்ட நாள் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடமும் இது மிகுதி.

ரவுண்ட்ஸில் கேட்கப்படும் கேள்விகள்

சிறப்பு மருத்துவர் ஒவ்வொரு படுக்கையிலும் முதலில் பார்ப்பது எக்கோ அறிக்கையை அன்று, நோயாளியின் கழுத்தை. தலைப்பக்கம் உயர்த்தப்பட்ட படுக்கையில் சாய்ந்திருக்கும் நோயாளியின் கழுத்துச் சிரையில் இரத்தம் எந்த உயரம் வரை நிற்கிறது என்பது, உடலில் தேங்கிய நீரின் அளவைக் காட்டுகிறது. அடுத்து, கணுக்காலின் மேல் சில நொடிகள் விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கிறார். பல நாட்களாகப் படுத்திருப்பவரின் வீக்கம் காலில் இல்லாமல் இடுப்பின் பின்புறம் இருக்கக்கூடும் என்பதால், அங்கும் அழுத்திப் பார்க்கிறார். பின்னர் அன்றைய எடையைக் கேட்கிறார். சேர்ந்த நாளின் எடை, நேற்றைய எடை, இன்றைய எடை ஆகிய மூன்று எண்களும் படுக்கை அட்டையில் இல்லையெனில், அந்தப் படுக்கையில் ரவுண்ட்ஸ் மேற்கொண்டு செல்வதில்லை.

மருத்துவப் பாடநூல்களில் "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்பது வழக்கமான கேள்வி. பாயில், தலையணை இன்றியோ கையை மடித்து வைத்தோ உறங்கும் ஒருவரிடம் இக்கேள்வியால் பயன் இல்லை. அதனால் மருத்துவர் வேறு விதமாகக் கேட்டார்: "ராத்திரி எழுந்து திண்ணையில போய் உட்கார்ந்துக்கிறீங்களா அம்மா? காத்து வேணும்னு கதவைத் திறக்கிறீங்களா?" அதுவரை "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவந்த மூதாட்டி, மூன்று வாரங்களாகச் சுவரில் சாய்ந்தே உறங்குவதாகச் சொன்னார். நோயின் கடுமையைத் தெரிவித்தது அந்த ஒரு விடைதான்.

இதே போன்று, குனிந்து களை எடுக்கும்போதோ, குந்தி அமர்ந்து பாத்திரம் துலக்கும்போதோ அரை நிமிடத்தில் மூச்சு முட்டுவதும் இதயச் செயலிழப்பின் அறிகுறியே. பசியின்மை, வயிறு உப்புசம், சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்த உணர்வு ஆகியவை வயிற்றில் நீர் தேங்குவதால் வரலாம். இவற்றை 'வாயு' என்று எண்ணி மாதக்கணக்கில் அமில மாத்திரை உட்கொண்டவர்கள் வார்டில் இருந்தனர்.

ஒரே வார்டு, வெவ்வேறு காரணங்கள்

ஐம்பது வயதைக் கடந்த விவசாயி ஒருவருக்கு உந்து திறன் 30 விழுக்காடு. ஓர் ஆண்டுக்கு முன் நெஞ்சில் எரிச்சலும் வியர்வையும் ஏற்பட்டபோது, சோடா குடித்துப் படுத்துக்கொண்டதாகக் கூறினார். அது மாரடைப்பு என்பது இப்போதுதான் தெரியவந்தது. தேசியப் பதிவேட்டில் உள்ள நோயாளிகளுள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினருக்கு இதய இரத்தக்குழாய் நோயே அடிப்படைக் காரணம். மாரடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் இதயத் தசையின் பெரும்பகுதியைக் காக்க முடியும். 2023 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறிகளுடன் வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகியவை அடங்கிய 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகத் தரப்பட்டு, அவர்கள் உயர் சிகிச்சைக்கு அனுப்பப்படுகின்றனர். இதயச் செயலிழப்பைத் தடுக்கும் முதல் படி இதுவே.

அடுத்த படுக்கையில், குழந்தை பிறந்து ஆறு வாரமே ஆன இளம் தாய். கருவுற்ற காலத்தின் இறுதியிலிருந்து பிரசவத்திற்குப் பிந்தைய ஐந்து மாதங்கள் வரை, வேறு காரணமின்றி இதயத் தசை தளர்ந்துபோகும் நிலை சில பெண்களுக்கு ஏற்படுகிறது. பிரசவக் களைப்பு, இரத்தசோகை என்று கருதி இதனை விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உரிய சிகிச்சையால் பலர் முழுமையாகத் தேறுகின்றனர். எனினும், மறுமுறை கருத்தரிப்பது பேராபத்தை விளைவிக்கலாம். அதனால், "அடுத்த குழந்தை பற்றி முடிவெடுக்கும் முன் எங்களிடம் வர வேண்டும்" என்று அப்பெண்ணிடமும் கணவரிடமும் மாமியாரிடமும் மருத்துவர் தனித்தனியே சொன்னார்.

மற்றொரு பெண்ணுக்குச் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியிருந்தது. தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் இக்காய்ச்சல், மூட்டுகளில் வீக்கம் தந்து மறைந்துவிடும். ஆனால் வால்வுகளில் நிலையான பாதிப்பை விட்டுச் செல்லும். மூன்று வாரங்களுக்கு ஒரு முறை போடப்படும் பென்சிலின் ஊசியால் அது மீண்டும் வருவதைத் தடுக்கலாம். ஊசி இடையில் நிறுத்தப்பட்டதற்கு அவர் கூறிய காரணம் எளியது: பள்ளிப் படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும் நினைவூட்ட எவரும் இல்லை.

திண்ணையில் அமர்ந்து இரவைக் கழித்த மூதாட்டிக்கோ உந்து திறன் இயல்பாக இருந்தது. பல்லாண்டுகளாகக் கட்டுப்படாத இரத்த அழுத்தத்தால் இதயச் சுவர் தடித்து விறைத்திருந்தது. 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் மூவருள் ஒருவருக்கு, அதாவது 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. அவர்களுள் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. இன்று கவனிக்கப்படாமல் விடப்படும் இரத்த அழுத்தமே நாளைய இதயச் செயலிழப்பு வார்டை நிரப்புகிறது.

மருந்துகள்: எவை, எதற்காக?

மருந்துகளை இரு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு வகை, தேங்கிய நீரை வெளியேற்றி மூச்சுத் திணறலைக் குறைப்பது. ஃபுரோசமைடு, டார்செமைடு போன்ற சிறுநீர் மாத்திரைகள் இவ்வகையின. உட்கொண்ட சில மணி நேரத்திலேயே பலன் தெரியும்.

மற்றொரு வகை, இதயத்தை மேலும் பழுதடையாமல் காத்து ஆயுளை நீட்டிப்பது. உந்து திறன் குறைந்தவர்களுக்கு இவ்வகையில் நான்கு பிரிவு மருந்துகள் தரப்படுகின்றன. எனலாப்ரில், ராமிப்ரில் அல்லது சாகுபிட்ரில்–வால்சார்டன் ஒரு பிரிவு. மெட்டோப்ரோலால், கார்வெடிலால், பிசோப்ரோலால் முதலிய துடிப்பைத் தணிக்கும் மருந்துகள் அடுத்தது. ஸ்பைரோனோலாக்டோன் மூன்றாவது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை நான்காவது. இவற்றை உட்கொண்டவுடன் உடலில் எந்த மாற்றமும் தெரியாது. அதனால்தான் பலர் இவற்றை நிறுத்திவிட்டு, பலன் கண்கூடாகத் தெரியும் சிறுநீர் மாத்திரையை மட்டும் தொடர்கின்றனர். ஆயுளைக் காப்பது எதுவோ, அது கைவிடப்படுகிறது.

நான்காவது பிரிவு மருந்துகள் நீரிழிவுக்காக உருவாக்கப்பட்டவை. நீரிழிவு இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் அவை பயனளிப்பது 2019 முதல் பெரிய ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. "எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, சர்க்கரை மாத்திரை ஏன் தந்தார்கள்?" என்று நிறுத்திவிட வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாட்களிலும், விரதத்தின்போதும், அறுவை சிகிச்சைக்கு முன்னரும் மட்டும் மருத்துவர் ஆலோசனையின்படி தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும்.

விலை குறித்தும் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினுக்கான காப்புரிமை 2020-இலும், சாகுபிட்ரில்–வால்சார்டனுக்கு 2023-இலும், எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச் மாதத்திலும் முடிவடைந்தது. பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் இவற்றின் விலை கணிசமாகக் குறைந்துள்ளது. எனினும், தேசியப் பதிவேட்டில் உந்து திறன் குறைந்த நோயாளிகளுள் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வழிகாட்டு நெறிகளின்படியான மருந்துகள் எழுதப்பட்டிருந்தன. தடை விலை மட்டுமன்று என்பதை இது உணர்த்துகிறது.

'பிரஷர் குறைவாக இருக்கிறது' என்ற குழப்பம்

வீடு திரும்பிய நோயாளி, தலைவலிக்கோ காய்ச்சலுக்கோ அருகிலுள்ள மருத்துவரிடம் செல்கிறார். அவருடைய இரத்த அழுத்தம் 100/60 எனக் காட்டுகிறது. 'பிரஷர் மாத்திரைகளை' நிறுத்தும்படி அவருக்குச் சொல்லப்படுகிறது. சில வாரங்களில் அவர் மூச்சுத் திணறலுடன் திரும்பி வருகிறார். ரவுண்ட்ஸில் இத்தகைய வரலாறு மீண்டும் மீண்டும் கேட்கக் கிடைத்தது.

இதயச் செயலிழப்பில் இம்மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் தரப்படுவதில்லை. இதயத்தின் சுமையைக் குறைப்பதற்காகத் தரப்படுகின்றன. தலைசுற்றலோ மயக்கமோ இல்லாதவரை, மேல் அளவு 100 அளவில் இருப்பது பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. எனவே ஒவ்வொரு நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டிலும், "இம்மருந்துகள் இதயச் செயலிழப்புக்கானவை, அழுத்தம் குறைவு என்ற காரணத்திற்காக மட்டும் நிறுத்த வேண்டாம்" என்று தமிழில் எழுதும் வழக்கத்தை அந்தப் பிரிவில் கண்டேன். அச்சீட்டை எங்குச் சென்றாலும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

வத்தல்மலையில் இது எவ்வாறு பொருந்தும்?

வத்தல்மலை, தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல் உள்ள மலைப்பகுதி. பெரியூர், பால்சிலம்பு உள்ளிட்ட சிற்றூர்களில் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். காப்பி, மிளகு, சிறுதானியங்கள் ஆகியவையே வாழ்வாதாரம். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலை வழியே அரசுப் பேருந்து மலையேறத் தொடங்கியது அண்மை ஆண்டுகளில்தான். அதற்கு முன், நடக்க இயலாத நோயாளியைத் தூக்கிக்கொண்டுதான் மலையிறங்க வேண்டியிருந்தது.

இத்தகைய இடத்தில் இதயச் செயலிழப்பைக் கண்டறிவதற்கே ஒரு தனித் தடை உண்டு. மேட்டு நிலத்தில் நடக்கும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும்; ஆகவே, மூச்சு வாங்குவதை எவரும் நோயாகக் கருதுவதில்லை. இந்த உயரத்தில் காற்றின் பிராணவாயு அளவு நலமான ஒருவருக்கு மூச்சுத் திணறலைத் தரும் அளவுக்குக் குறைவதில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி, "மூச்சு வாங்குகிறதா?" என்பதன்று, "போன பொங்கலுக்கு நிற்காமல் ஏறிய மேட்டை இப்போது எத்தனை முறை நின்று ஏறுகிறீர்கள்?" என்பதே. உடன் வேலை செய்பவர்கள் முன்னே செல்ல, ஒருவர் மட்டும் சில மாதங்களாகப் பின்தங்கிவருகிறார் என்றால், அவருக்கு இசிஜியும் எக்கோவும் தேவை.

இரண்டாவது தடை, மூட்டு வலி மாத்திரை. சரிவான நிலத்தில் சுமை தூக்கி நடப்பவர்களுக்கு முழங்கால் வலி சாதாரணம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் போன்ற வலி நிவாரணிகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன; சிறுநீரகத்தையும் பாதிக்கின்றன. கட்டுக்குள் இருந்த இதயச் செயலிழப்பு ஒரு சில நாட்கள் இவற்றை உட்கொண்டதாலேயே மீண்டும் முற்றுவது உண்டு. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் பெயர் தெரியாமல் கலந்து தரும் மாத்திரைகளை முற்றிலும் தவிருங்கள்.

மூன்றாவது, உப்பு. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. களியிலும் குழம்பிலும் சேர்க்கும் உப்புக்கு மேல், கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பே அளவை மீறச் செய்கிறது. களியையோ கூழையோ கைவிட வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ளும் பொருளை மாற்றினால் போதும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை, ஸ்பைரோனோலாக்டோன் உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

நான்காவதும் பெரியதுமான தடை, மறுபரிசோதனை. ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு மலையிறங்கி, வரிசையில் நின்று, பேருந்து நேரத்திற்குள் திரும்ப வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அது இன்னும் கடினம். மருந்து தீர்ந்தபின் அடுத்த சந்தை நாள் வரை காத்திருப்பதும் இயல்பாகிவிடுகிறது.

முதல் ஆறு வாரங்கள்

மறுபரிசோதனை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைக்கால ஆய்வொன்று தெளிவான விடை தருகிறது. 2022-இல் லான்செட் இதழில் வெளியான ஸ்ட்ராங்–எச்எஃப் ஆய்வில், 14 நாடுகளைச் சேர்ந்த 1,078 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு வழக்கமான கவனிப்பு தொடர்ந்தது. மற்றொரு குழுவினர் வீடு திரும்பியபின் 1, 2, 3, 6 ஆகிய வாரங்களில் பரிசோதிக்கப்பட்டனர். மருந்துகள் இரண்டு வாரங்களுக்குள் முழு அளவுக்கு உயர்த்தப்பட்டன. 180 நாட்களுக்குள் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்பால் மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பில் 23.3 விழுக்காடு, நெருக்கமான கவனிப்பில் 15.2 விழுக்காடு. அந்தப் பலனைத் தந்தது புதிய மருந்து எதுவும் அன்று. இருக்கும் மருந்துகளை உரிய காலத்தில், உரிய அளவில், இரத்தப் பரிசோதனையுடன் கொடுத்ததே காரணம்.

இந்த நான்கு பரிசோதனைகளுக்கும் வத்தல்மலை நோயாளி நகரத்து மருத்துவமனைக்கு வரவேண்டியது கட்டாயமா? இல்லை என்பதே சிறப்பு மருத்துவரின் கருத்து. எடை, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, கால் வீக்கம் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். பொட்டாசியம், கிரியேட்டினின் ஆகியவற்றுக்கு இரத்த மாதிரியை அங்கிருந்தே அனுப்பலாம். முடிவுகளைத் தொலைபேசியில் கேட்டு, மருந்தின் அளவை உயர்த்துவதா குறைப்பதா என்று சிறப்பு மருத்துவர் கூறலாம். எக்கோ பரிசோதனைக்கும் அளவுகள் தாறுமாறாக இருக்கும்போதும் மட்டும் நோயாளி நேரில் வந்தால் போதும்.

இதற்கான அமைப்பு ஏற்கெனவே நம்மிடம் உள்ளது. அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக, உயர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளுடன் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் செல்கின்றனர். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. அதே பணியாளர் வீட்டுக்குச் செல்லும்போது, இதயச் செயலிழப்பு நோயாளியின் எடை, இரத்த அழுத்தம், நாடி, மீதமுள்ள மாத்திரைகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் குறித்து, முதல் ஆறு வாரங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தால், மலையடிவாரத்தில் உள்ள மருத்துவ அலுவலர் ஆபத்தை முன்கூட்டியே அறிய முடியும். மீதமுள்ள மாத்திரைகளை எண்ணுவது கண்டிப்பதற்காக அன்று. மருந்து தீரும் முன் அனுப்பிவைப்பதற்காக.

இதற்குத் தேவைப்படும் முதன்மைக் கருவி எடை பார்க்கும் கருவி. தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே மாதிரியான உடையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது கொழுப்பு அன்று, நீர். மூச்சுத் திணறல் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னரே எடை கூடத் தொடங்கிவிடும். செயல்பட நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுவே. வீட்டில் கருவி இல்லாதவர்கள் அங்கன்வாடி மையத்தில் வாரம் இரு முறையாவது பார்க்கலாம். அதுவும் இயலாதபோது, அரைஞாண் கயிறு இறுகுவது, மெட்டியோ கொலுசோ பதிந்து தடம் விடுவது, செருப்பு திடீரெனச் சிறிதாகத் தோன்றுவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

எப்போது உடனே உதவி நாட வேண்டும்?

பின்வருவனவற்றுள் ஏதேனும் இருந்தால், அன்றே கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள்:

• மூன்று நாட்களுக்குள் எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதல்
• கால், முகம் அல்லது வயிற்றில் புதிய வீக்கம்
• படுத்தால் இருமலோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டு எழுந்து அமர வேண்டியிருத்தல்
• எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், சிறுநீர் அளவு குறைதல்
• வாந்தி, வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தல்
• மருந்து தீர்ந்துவிட்ட நிலை

பின்வருவனவற்றுக்குக் காத்திருக்காமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்:

• அமர்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறல்
• நெஞ்சு வலி, வியர்வை
• மயக்கமடைதல்
• நுரையுடன் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் சளி
• உதடு, விரல் நுனிகள் நீலம் பாரித்தல்

மலைப்பகுதியில் ஊர்தி வந்து சேர நேரமாகும் என்பதால், இரவு வரும் வரை பொறுத்துப் பார்க்க வேண்டாம். காத்திருக்கும்போது நோயாளியைப் படுக்க வைக்காமல், கால்களைத் தொங்கவிட்டுச் சாய்ந்து அமரச் செய்யுங்கள். மருந்துச் சீட்டையும் மாத்திரைகளையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

நோயாளி ஓய்விலேயே இருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். நிலை சீரானபின், பேச்சு தடைபடாத வேகத்தில் சமதளத்தில் தினமும் நடப்பது நல்லது. மேட்டில் ஏறுவதையும் சுமை தூக்குவதையும் மருத்துவர் சொல்லும் வரை தவிர்க்கலாம். புகையிலை, மது இரண்டையும் முற்றாக விட வேண்டும். குடிக்கும் நீரை எல்லோரும் கட்டுப்படுத்த வேண்டியதில்லை. மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் மட்டும், கஞ்சி, மோர், காப்பி ஆகியவற்றையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தசோகையும் இரும்புச்சத்துக் குறைவும் இந்நோயை மோசமாக்குவதால் அவற்றுக்கான பரிசோதனை தேவை.

எனலாப்ரில் போன்ற மருந்தால் வறட்டு இருமல் வந்தாலோ, ஸ்பைரோனோலாக்டோனால் ஆண்களுக்கு மார்பில் வலி ஏற்பட்டாலோ, மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்கள், மேற்கூறிய முதல் பிரிவு மருந்துகள் கருவுக்குத் தீங்கு விளைவிக்கும் என்பதை அறிந்து, முன்னதாகவே ஆலோசனை பெற வேண்டும். வால்வு மாற்று அறுவை சிகிச்சை, கருவி பொருத்துதல் முதலியவை தேவைப்படுவோர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்குரிய பயன் குறித்து மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியலாம். பொதுவான ஐயங்களுக்கு 104 சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம்.

வார்டில் சிறப்பு மருத்துவர் தினமும் பார்ப்பது எடை, கழுத்து, கால், மருந்துச் சீட்டு ஆகியவற்றைத்தான். கழுத்துச் சிரையைக் கணிக்கப் பயிற்சி வேண்டும். மற்ற மூன்றையும் வத்தல்மலையின் எந்த வீட்டிலும் பார்க்கலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது அடுத்த பரிசோதனைக்கான நாள், அதைச் செய்ய வேண்டிய ஆரம்ப சுகாதார நிலையம், தொடர்புக்கான தொலைபேசி எண், வீடு திரும்பும் நாளின் எடை ஆகிய நான்கும் சீட்டில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். எழுதப்படவில்லையெனில், கேட்டுப் பெற்ற பின்னரே வார்டை விட்டுப் புறப்படுங்கள்.

இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்கானது. மருந்துகளைத் தொடங்குவதும், அளவை மாற்றுவதும், நிறுத்துவதும் மருத்துவரின் நேரடி ஆலோசனையின்படியே அமைய வேண்டும்.